அழித்த இரண்டு கோடுகள்

பதினேழு வருடம் கிரேனுக்குக் கீழே நின்று இரும்புக்குக் கயிறு மாட்டிய மனிதன், நாற்பத்தோராவது வயதில் பென்சில் பிடித்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சந்திரமதிக்கு முதல் வாரம் முழுவதும் வேடிக்கையாக இருந்தது. பரமசிவம் பென்சிலை உளியைப் பிடிப்பதுபோல் பிடித்தான். முனை ஒடிந்தால் தானே சீவிக்கொள்ள மாட்டான். ஏதோ குற்றம் செய்துவிட்டவன்போல் மனைவியின் பக்கம் நீட்டுவான். அவள் பிளேடால் சீவிக் கொடுப்பாள். இரண்டாவது வாரம் அந்த வேடிக்கை போய்விட்டது.

செம்பவாங்கில் வெள்ளைக்காரர்களின் கப்பற்படைத் தளத்தை மூடப்போகிறார்கள் என்ற செய்தி வந்து ஒன்றரை வருடமாகியிருந்தது. ஆட்குறைப்பின் முதல் சுற்றிலேயே கயிறு மாட்டுகிறவர்களின் பெயர்கள் வந்துவிட்டன. வேலையோடு வீடும் போயிற்று. புருஷனும் பெண்டாட்டியும் பத்து வயது மகள் மங்களமுமாகத் தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவுக்கு வந்து, பஃபலோ ரோட்டில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே பலகையால் தடுத்த அறை ஒன்றைப் பிடித்தார்கள். கீழே மூட்டை இறக்கினால் மேலே தரை அதிரும். காய்ந்த மிளகாய் வரும் நாட்களில் மூவரும் மாறி மாறித் தும்முவார்கள்.

வேலை போனவர்களுக்கென்று ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் ஆறு மாத வகுப்பு தொடங்கியிருந்தார்கள். இயந்திரங்களை ஓட்டவும் நிறுத்தவும் உதவும் மின்சாரக் கட்டுப்பாட்டுப் பலகைகளை இணைப்பது, பழுது பார்ப்பது, கடைசியில் கொஞ்சம் எலெக்ட்ரானிக்ஸ். தேறுகிறவர்களை ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. மற்றவர்களுக்கு அது ஒரு வேலை. பரமசிவத்துக்கு அதற்கும் மேல். அவன் குடியுரிமை வாங்காதவன். ஐம்பத்தேழில் ஊரே வரிசையில் நின்று பதிந்துகொண்டபோது, "திரும்பிப் போறவனுக்கு அது எதுக்கு?" என்று இருந்துவிட்டான். இப்போது டிசம்பர் கடைசியோடு அவனுடைய வேலை அனுமதி முடிகிறது. அதற்குள் ஒரு முதலாளி கையெழுத்துப் போட்டால் இங்கே இருக்கலாம். இல்லாவிட்டால் கப்பல். கப்பல் டிக்கெட்டைத் தளத்து நிர்வாகமே இலவசமாகக் கொடுத்தது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களுக்குத் தாராள மனசு.

சந்திரமதி இங்கேயே, கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரியில் பிறந்தவள். மங்களமும் அங்கேதான். சிவகங்கைப் பக்கம் இருக்கும் பரமசிவத்தின் ஊர் அவர்களுக்கு ஒரு பழைய புகைப்படத்தின் பின்புறத்தில் எழுதியிருந்த பெயர், அவ்வளவுதான்.

அவனுக்கு மலாய் நன்றாக வரும். கப்பல் பட்டறை ஆங்கிலமும் பேசுவான். படிக்க மட்டும் தெரியாது. வகுப்பில் கொடுக்கும் தாள்களெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. சந்திரமதி ஆங்கிலப் பள்ளியில் ஏழாவது வரை படித்தவள். அப்பா இறந்த வருடம் அதுவும் நின்றுபோயிற்று. ஆக, சாயங்காலம் சமையல் முடிந்ததும் பாயை விரித்து, தாள்களைப் பரப்பி, அவள் படிப்பாள், அவன் கேட்பான். முதல் மாதம் அவளும் வாயால் மட்டுமே படித்தாள். ஜோசியம் பார்க்கிறவன் கட்டங்களைப்போல் தாள்களில் இருந்த மின்சுற்றுப் படங்கள் அவளுக்குத் தூரமாகவே இருந்தன.

மூன்றாவது மாதம் ஒரு நாள், ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது அது அவளுக்குத் திறந்தது. ஓடு என்று சொல்லும் பொத்தானை ஒரு தடவை அமுக்கிவிட்டு விரலை எடுத்துவிடுகிறார்கள். பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறதே, எப்படி? அந்தப் பலகையில் காண்டாக்டர் என்று ஒரு பெரிய சுவிட்ச் இருந்தது. மின்சாரம் வந்ததும் காந்தமாகித் தானே மூடிக்கொள்ளும். மூடும்போது, தனக்கு மின்சாரம் வரும் பக்கத்து வழி ஒன்றையும் சேர்த்து மூடிவிடுகிறது. விரல் போனாலும் அந்த வழியாக அது தன்னைத்தானே பிடித்துக்கொள்கிறது. புளித் தண்ணீரில் கையை வைத்தபடி சந்திரமதி அப்படியே நின்றாள். தனக்குள் ஒரு அறை இருந்ததும், அதை இத்தனை வருடம் யாரும், தானும்கூட, திறந்து பார்க்காததும் அந்தக் கணத்தில்தான் அவளுக்குத் தெரிந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய்ச் சொன்னாள். பரமசிவம் பொறுமையாகக் கேட்டான்.

"அது கெடக்கட்டும். எந்த வயரு எந்த நம்பருக்குப் போவுது, அத சொல்லு."

அவன் படித்த விதம் அதுதான். படத்தை ஒரு தெருவைப்போல் மனப்பாடம் செய்தான். இங்கிருந்து மூன்றாவது, வலப்பக்கம் திரும்பினால் ஐந்தாவது, கீழே இறங்கினால் மோட்டார். பஸ்ஸிலும், குளிக்க வரிசையில் நிற்கும்போதும் தொடையில் விரலால் அந்தத் தெருக்களில் நடந்துகொண்டே இருப்பான். காரணம் அவனுக்கு ஏறாது என்று சந்திரமதி அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். முடிவு செய்ததை அவள் கவனிக்கவில்லை. அது அவ்வளவு எளிதாக நடந்தது.

"டீச்சரம்மா சொன்னா சரிதான்" என்று அவன் சொல்லத் தொடங்கியதும் அப்போதுதான். முதலில் அதில் செல்லம் இருந்தது. ஐந்தாவது மாதம் வந்தபோது அதே வார்த்தைக்கு ஒரு விளிம்பு முளைத்திருந்தது.

கடைசிப் பாடம் நடந்த இரண்டு நாளும் பரமசிவம் வகுப்பில் இல்லை. அனுமதிச் சீட்டு விஷயமாக ஆபீஸ் வரிசையில் நின்றுகொண்டிருந்தான். அந்தப் பாடத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தவன் ரவூப். தளத்தில் அவனோடு வேலை பார்த்தவன், அவனோடு வேலை போனவன், இப்போது அவனோடு படிக்கிறவன். கடையநல்லூர்க்காரர்களின் பையன். வாய் ஓயாது.

"அண்ணி, இது பெரிய ஐட்டம். மோட்டார முன்னால சுத்த வைக்கிறது, பின்னால சுத்த வைக்கிறது. பரிட்சைக்கு இதுதான் வருமாம், வாத்தியாரு மிஸ்டர் சியா கண்ணடிச்சாரு" என்றான். "சொல்லித் தந்தது எனக்குப் பாதி புரிஞ்சுது. மீதிய அல்லா பாத்துக்குவான்."

இரண்டு காண்டாக்டர்கள். ஒன்று மூடினால் மோட்டார் முன்னால் சுற்றும். இன்னொன்று மூடினால் மூன்று கம்பிகளில் இரண்டு இடம் மாறி, பின்னால் சுற்றும். படத்தில் மொத்தம் இருபத்துமூன்று கோடுகள். இருபத்தொன்றைப் பரமசிவம் இரண்டு சாயங்காலத்தில் பிடித்துவிட்டான். மீதி இரண்டு கோடுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு போயின. அந்த இடத்துக்கு வந்ததும் ஒவ்வொரு முறையும் அவன் விரல் தடுமாறியது. தடுமாறினால் பிடித்து வைத்திருந்த இருபத்தொன்றும் கலைந்தன.

"இதுக்குப் போற வயரு எதுக்காக அதுக்குள்ள நொழைஞ்சுட்டு வருது?" என்று அவன் ஒரு சாயங்காலம் கேட்டான். "அதோட வீட்டுக்குள்ள இதுக்கு என்ன வேல?"

சந்திரமதி வாயைத் திறந்தாள். அவளுக்குத் தெரியும். தாளின் அடியில் இரண்டு வரியில் போட்டிருந்தது. ஒரு காண்டாக்டர் மூடியிருக்கும்போது மற்றது உயிர் பெறவே கூடாது. இரண்டும் ஒன்றாக மூடினால் கம்பிகள் நேருக்கு நேர் மோதி வெடிக்கும். அதனால் ஒவ்வொன்றுக்கும் போகும் வழியை மற்றதன் வழியாகத் திருப்பி விட்டிருக்கிறார்கள். இண்டர்லாக் என்று அதற்குப் பெயர்.

"வேணாம் டீச்சரம்மா" என்று பரமசிவம் கையைக் காட்டினான். "நீ வெளக்க ஆரம்பிச்சா எனக்குத் தெரிஞ்சதும் போயிரும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பிறகு பென்சிலை வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். வெகு நேரம் அவன் தூங்கவில்லை என்பது அவன் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

தேர்வுக்கு நான்கு நாள் இருந்தது. பயிற்சிக்கூடத்தைத் தேர்வுக்காகப் பூட்டிவிட்டார்கள். இனி கையால் செய்து பார்க்க வழியில்லை, தாள் மட்டும்தான்.

மறுநாள் மத்தியானம் பரமசிவம் ரவூப்போடு வெளியே போயிருந்தான். மங்களம் பள்ளியில். சந்திரமதி நோட்டுப் புத்தகத்தில் புதுப் பக்கம் எடுத்து அந்தப் படத்தைத் தெளிவாக வரைந்தாள். வரைந்து முடித்து, ரப்பரை எடுத்து அந்த இரண்டு கோடுகளையும் அழித்தாள். வெட்டுப்பட்ட இடங்களைச் சேர்த்து நேராக்கினாள்.

பிறகு விரலை வைத்து மின்சாரத்தை ஓட்டிப் பார்த்தாள். மோட்டார் முன்னால் சுற்றியது. நின்றது. பின்னால் சுற்றியது. மூன்று முறை ஓட்டினாள், மூன்று முறையும் சுற்றியது. முன்னால் போ என்பதையும் பின்னால் போ என்பதையும் யார் ஒன்றாக அமுக்கப் போகிறார்கள்? பைத்தியம் பிடித்தவன்தான் அமுக்குவான். சான்றிதழ் கைக்கு வரட்டும், வேலைக்குச் சேரட்டும், அப்புறம் நிதானமாக இந்த இரண்டையும் சொல்லிக் கொடுத்துக்கொள்ளலாம். இப்படியெல்லாம் நினைத்தாள். நினைத்தவற்றுக்கு அடியில் ஒரு சின்ன இனிப்பும் இருந்தது. எது வேண்டும், எது வேண்டாம் என்று ஒரு காரியத்தில் முடிவு செய்யும் இடத்தில் அவள் வாழ்க்கையில் முதல்தடவையாக உட்கார்ந்திருந்தாள். அச்சடித்த தாளை நான்காக மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்தாள்.

சாயங்காலம் பரமசிவம் புதுப் படத்தைக் கண் சுருக்கிப் பார்த்தான்.

"அந்த ரெண்டு கோடு எங்க?"

"அது வேற மாதிரிப் பலகைக்கு. இதுக்கு வேணாம்."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேங்க."

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. ஒரு மணி நேரத்தில் இருபத்தொரு கோடுகளும் அவன் விரலுக்குள் வந்துவிட்டன. கண்ணை மூடிக்கொண்டு பாயில் வரைந்து காட்டினான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போய், சூடான பிசாங் கோரெங் என்கிற வாழைப்பழப் பஜ்ஜிப் பொட்டலத்தோடு வந்தான். எண்ணெய் ஊறிய காகிதத்தைப் பிரித்து, வாய் நிறையச் சிரித்தபடி முதல் துண்டை அவள் பக்கம் நீட்டினான். மங்களத்துக்குக்கூட அப்புறம்தான் கொடுத்தான். அந்த மாதங்களில் அவன் அப்படிச் சிரித்தது அந்த ஒரு சாயங்காலம்தான்.

தேர்வு நாளான வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மாடிப்படியில் இரண்டு பேரின் காலடி கேட்டது. ரவூப்தான் முதலில் தலையை நீட்டினான்.

"அண்ணி, பயப்படாதீங்க. கைதான். கண்ணுக்கு ஒண்ணும் இல்ல."

பின்னால் பரமசிவம் வந்தான். வலது கை மணிக்கட்டு வரை வெள்ளைத் துணி. புருவம் இரண்டும் பொசுங்கிப் போயிருந்ததால் முகம் யாரோ வேறொருவருடையதுபோல் இருந்தது. அவளைப் பார்க்காமல் ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்தான்.

"ஓடுச்சு அண்ணி! சர்ருன்னு ஓடுச்சு" என்றான் ரவூப். வழக்கத்தைவிட வேகமாகப் பேசினான். "நான் ரெண்டு தடவ வயரக் கழட்டி மாட்டுனேன். அண்ணன் ஒரே மூச்சு. எல்லாருக்கும் முன்னால முடிச்சுட்டாரு. முன்னால சுத்துச்சு, பின்னால சுத்துச்சு. சியா மூஞ்சியெல்லாம் சிரிப்பு லா. அப்புறம் அந்தப் பரிட்சைக்காரரு, வெளியிலேர்ந்து வந்தவரு, ரெண்டு வெரல வச்சு ரெண்டு பட்டனையும் ஒண்ணா அமுக்குனாரு. எல்லார்கிட்டயும் அப்படித்தான் அமுக்குனாரு. என்னோடதுல சும்மா இருந்துச்சு. அண்ணன்துல..." உள்ளங்கைகளை ஓங்கி அடித்துக் காட்டினான். "நீல நெருப்பு. அண்ணன் கை பலகைக்குப் பக்கத்துலயே இருந்துச்சு."

"போதும் ரவூப்" என்றான் பரமசிவம்.

"இண்டர்லாக் விட்டுப்போச்சுன்னு சியா ஏதோ சொன்னாரு. ஏண்ணே, எப்படிண்ணே விட்டீங்க? தாள்ல இருந்துச்சே?"

"நான் ஏதோ மறந்துட்டேன்டா. போ, நீ வீட்டுக்குப் போ. உன் வீட்டுல காத்துட்டு இருப்பாங்க."

ரவூப் தேறியிருந்தான். அதைச் சொல்லாமலே படியிறங்கிப் போனான்.

இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று சந்திரமதி நினைத்தாள். கோப்பி கலக்கிக் கொடுத்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தாள். மங்களம் வந்துவிட்டாள். மங்களம் தூங்கட்டும் என்று நினைத்தாள். மறுநாளும் அப்படியே போயிற்று. பரமசிவம் இடது கை விரலால் சுவரில் அந்த இருபத்தொரு கோடுகளையும் திரும்பத் திரும்பப் போட்டான். முடிவில் ஒவ்வொரு தடவையும் நின்று, எதை விட்டோம் என்று தேடினான். எல்லாம் இருந்தது. வேறு பலகைக்கு என்று அவள் சொன்ன அந்த இரண்டை அவன் நினைத்தும் பார்க்கவில்லை. விட்டதே இல்லாத இடத்தில் அவன் விட்டதைத் தேடுவதை, அவள் அரிசி களைந்துகொண்டும் துணி மடித்துக்கொண்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை அவன் தலையில் தானே குட்டிக்கொண்டான். சத்தம் கேட்கும்படி, பலமாக.

செவ்வாய்க்கிழமை காலை அவள் நோட்டுப் புத்தகத்தையும் நான்காக மடித்த தாளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் பஸ் ஏறினாள். மார்க்கெட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள்.

மிஸ்டர் சியா ஒல்லியான, வயதான சீனர். பயிற்சிக்கூடத்தில் தனியாக உட்கார்ந்து, கரிந்த காண்டாக்டர் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது எந்தக் காண்டாக்டர் என்று அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை. தான் பரமசிவத்தின் மனைவி என்று ஆங்கிலத்தில் சொல்லி, நோட்டைத் திறந்து வைத்தாள். இதை வரைந்தது நான், அழித்ததும் நான், அவர் நான் கொடுத்ததைத்தான் படித்தார் என்றாள். வார்த்தைகளைப் பஸ்ஸிலேயே வரிசைப்படுத்தி வைத்திருந்ததால் தடங்கலில்லாமல் வந்தன.

அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படத்தை வெகு நேரம் பார்த்தார். கோடு சுத்தமாக இருக்கிறது என்றார். எதற்காக அழித்தாய் என்று கேட்டார்.

"அவருக்கு நினைவு நிற்கவில்லை."

"அது எதற்கு இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா?"

அவள் சொன்னாள். சரியாகச் சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, "அவருக்குச் சொன்னாயா?" என்று கேட்டார்.

சந்திரமதி நோட்டை மூடினாள்.

பட்டியல் சனிக்கிழமையே தொழிற்சாலைக்குப் போய்விட்டது என்றார் அவர். மறுபடி தேர்வு அடுத்த வகுப்போடுதான், மார்ச்சில் சேர்ந்தால் செப்டம்பரில். டிசம்பரோடு அவருடைய அனுமதி முடிகிறது என்று அவள் சொன்னாள். அவர் துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். அவருக்கும் அது தெரிந்திருந்தது. நிறையப் பேருடைய டிசம்பர்கள் அவருக்குத் தெரிந்திருந்தன.

அவள் கிளம்பத் திரும்பியபோது, சுவரில் மாட்டியிருந்த ஒரு பலகையின் மேல் அவள் பார்வை நின்றது. இதுதானா அது? தாளில் இரண்டு குச்சியாகவும் ஒரு வட்டமாகவும் அவள் அறிந்திருந்தது இங்கே கறுப்பாக, கனமாக, ஒரு செங்கல் அளவுக்கு இருந்தது. மிஸ்டர் சியா அவள் பார்ப்பதைப் பார்த்தார். மின்சாரத்தைப் போட்டுவிட்டு, அமுக்கு என்றார். அவள் அமுக்கினாள். டக் என்று அது மூடிக்கொண்ட சத்தம் விரல் வழியாக முழங்கை வரை ஏறியது. விரலை எடுத்தாள். அது விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. ரசம் வைத்த அன்று அவள் மனசில் பார்த்தது அப்படியே கண் முன்னால்.

"மார்ச்சில் எலெக்ட்ரானிக்ஸ் வகுப்பு ஒன்று வருகிறது" என்றார் அவர். "இந்தத் தடவை பெண்களும் சேரலாம். புதுத் தொழிற்சாலைகளில் பெண்களைத்தான் கேட்கிறார்கள். நீ குடியுரிமை உள்ளவள்தானே? வா லா."

சந்தோஷம் என்பது எவ்வளவு மரியாதையில்லாதது என்று சந்திரமதிக்கு அப்போது தெரிந்தது. வீட்டில் ஒருவன் பொசுங்கிய முகத்தோடு சுவரில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறான். அவள் அவனுக்காக மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாள். நெஞ்சுக்குள் அது ஒரு துள்ளுத் துள்ளியது. ஒரே ஒரு துள்ளல்தான். பிறகு அவள் அதை மிதித்து அடக்கினாள். ஆனால் அது துள்ளியதை அவள் பார்த்துவிட்டாள். ரப்பரை எடுத்த மத்தியானம் நாக்கின் அடியில் இனித்ததும் இதுதானோ என்று பஸ்ஸில் திரும்பும்போது தன்னையே கேட்டுக்கொண்டாள். இரக்கத்தில்தான் அழித்தேன் என்று ஒரு நிறுத்தத்தில் தோன்றியது. அடுத்த நிறுத்தத்தில் அது பொய்யென்று தோன்றியது. தேக்காவில் இறங்கும்வரை எதுவும் நிலைக்கவில்லை.

அன்று சாயங்காலம் மங்களம் கீழ் வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடப் போயிருந்தபோது சொல்லிவிட்டாள். பாயில் அச்சடித்த தாளை விரித்து வைத்து, நின்றபடியே சொன்னாள்.

"நீங்க எதையும் மறக்கலங்க. நான்தான் அந்த ரெண்டு கோட்டையும் எடுத்துட்டேன். வேற பலகைக்குன்னு சொன்னது பொய்."

பரமசிவம் நிமிர்ந்து பார்த்தான். அவன் எழுந்து அறைந்துவிடுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாளும் கை ஓங்காதவன். இருந்தும் எதிர்பார்த்தாள், விரும்பக்கூடச் செய்தாள்.

"இந்த ரெண்டா?" என்று இடது கை விரலைத் தாளில் வைத்தான்.

"ஆமா."

"இது எதுக்கு?"

அவள் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். இந்தக் காண்டாக்டர் மூடியிருந்தால் அந்தப் பக்கத்துக்கு மின்சாரம் போகும் வழி இங்கே அறுந்துவிடும், அது மூடியிருந்தால் இந்தப் பக்கத்து வழி அங்கே அறுந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே வந்தவளை அவன் பாதியில் நிறுத்தினான்.

"இரு. டாக்குல கிரேனுக்குச் சிக்னல் காட்ட ரெண்டு பேரு நிப்போம், கப்பல்ல ஒருத்தன், கரையில ஒருத்தன். தூக்குன்னு நான் கை காட்டுனா அவன் கையப் பின்னால கட்டிக்கணும். அவன் கை கட்டியிருக்கறத கண்ணால பாத்தாத்தான் நான் கையத் தூக்குவேன். அவனும் அப்படித்தான். ரெண்டு கையும் ஒண்ணா மேல போச்சு, கிரேன்காரன் கொழம்புவான், கீழ நிக்கறவன் செத்தான்." விரலை ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்கு நகர்த்தினான். "இவன் வழி அவன் கையில. அவன் வழி இவன் கையில. இவ்வளவுதானே இது?"

"ஆமா" என்றாள் சந்திரமதி.

"பதினேழு வருஷம் செஞ்சேனே."

கீழே ஒரு லாரி வந்து நின்றது. மூட்டைகளை இறக்கத் தொடங்கினார்கள். தரை அதிர்ந்தது. பரமசிவம் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். தடுமாறாமல், இருபத்துமூன்று கோட்டிலும் ஒரு தடவை போய்வந்தான்.

"நீ சொல்லித் தந்து நான் மறந்திருந்தா பரவாயில்ல, சந்திரா" என்றான். "எனக்கு ஏறாதுன்னு நீயே வச்சுக்கிட்ட."

"நீங்கதான் அன்னிக்கு, வேணாம், வெளக்காதேன்னு..."

"சொன்னேன். நான் சொல்லலன்னு சொல்லல."

அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. அவன் பிறகு அதை எடுக்கவே இல்லை. சாப்பிட்டான், மகளோடு விளையாடினான், கட்டுப் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தான். டீச்சரம்மா என்று மட்டும் கூப்பிடவில்லை. செல்லமாகவும் கூப்பிடவில்லை, குத்தலாகவும் கூப்பிடவில்லை. அவளுக்கு அந்த வார்த்தையின் விளிம்புகூட வேண்டியிருந்தது.

நவம்பர் கடைசி வரை மூன்று இடத்தில் வேலை கேட்டுப் போனான். கையைப் பார்த்தார்கள், அனுமதிச் சீட்டைப் பார்த்தார்கள், பிறகு வரச் சொன்னார்கள்.

டிசம்பர் முதல் வாரம் ஒரு மாலை அவன் வெளியிலிருந்து வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துப் பாயில் வைத்தான். கப்பல் டிக்கெட்டுக்கானது. இந்தப் பன்னிரண்டு வருடமாக அவன் பெயரில் போன எந்தப் படிவத்தையும் சந்திரமதிதான் பூர்த்தி செய்திருக்கிறாள். இதை ரவூப் எழுதியிருந்தான், அவனுடைய கோணல் எழுத்தில். பயணிகள் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர்.

"நாங்க?" என்றாள்.

"நீங்க ரெண்டு பேரும் இங்க பொறந்தவங்க. புள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கு. அங்க வந்து என்ன செய்வா? நான் போய் ஒரு வழி பண்ணிட்டு எழுதுறேன்."

நாங்களும் வருகிறோம் என்று சொல்ல வேண்டும். ஒரு மனைவி யோசிக்காமல் சொல்லும் வார்த்தை அது. சந்திரமதி சொன்னாள். "நாங்களும் வர்றோங்க" என்று சொல்லத்தான் செய்தாள். ஆனால் அவன் பேசி முடித்ததற்கும் அவள் வாய் திறந்ததற்கும் நடுவில் ஒரு மூச்சு அளவு இடைவெளி விழுந்துவிட்டது. அவனும் அதைக் கேட்டான். கேட்டதை அவள் பார்த்தாள்.

"மார்ச்சுல பொம்பளைங்களுக்கு வகுப்பு ஆரம்பிக்குதாமே" என்றான் பரமசிவம். "மிஸ்டர் சியா உன்னக் கூப்பிட்டாராம். ரவூப் சொன்னான்."

"நான் போறேன்னு சொல்லலங்க."

"போ. ஒனக்கு நல்லா வரும்."

அவள் அவன் முகத்தில் குத்தல் இருக்கிறதா என்று தேடினாள். புருவம் பாதி முளைத்த அந்த முகத்தில் எங்கும் இல்லை. உண்மையாகத்தான் சொன்னான். அவளுக்கு என்ன வரும் என்பது அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது. அவனுக்கு என்ன வரும் என்பதைத்தான் அவள் ஒரு நாளும் கேட்டுப் பார்க்கவில்லை.

படியில் மங்களம் ஓடி வரும் சத்தம் கேட்டது. பரமசிவம் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வடு விழுந்த கையை மகளுக்குத் தெரியாமல் தொடைக்குக் கீழே நகர்த்தி, "என்னம்மா, இன்னிக்கு யாரு ஜெயிச்சது?" என்று கேட்டான்.